தபால்காரருக்கு ஒரு நோட்டீஸ்

பெருமதிப்பிற்குரிய வக்கீல் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் பணிவன்போடு எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். உங்கள் தங்கையும் இரண்டு முழங்கால்கள் நீங்கலாக நலம். உங்கள் சுகத்தையும், வீட்டில் உள்ளவர்கள் சுகத்தையும், வாய்தா வாங்கி வாங்கியே வயதாகிப்போன உங்கள் கட்சிக்காரர்களின் சுகத்தையும் அறிய ஆவல். நிற்க.

எழுத்து ஒப்பந்தம் இல்லாத குடித்தனத்தைச் சட்டப்படி முடிப்பது மிக எளிது என்று மூன்று மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் எழுதினீர்கள். 'மிக எளிது' என்பதற்குக் கீழே ஒரு கோடு வேறு போட்டிருந்தீர்கள். அந்தக் கோட்டை நம்பி நான் பட்ட பாட்டை நாய் கூடப் பட்டிருக்காது. உங்களிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு சந்தேகம்தான், அதைக் கடைசியில் கேட்கிறேன். ஆனால் நடந்ததை முழுக்கச் சொல்லாமல் அதைக் கேட்டால் பாதிக் கதை கேட்டுப் பதில் சொன்னீர்கள் என்ற பழி உங்களுக்கு வரும். ஆகவே பொறுமையாகப் படிக்கவும். கட்சிக்காரர்கள் பேசும்போது விடுவீர்களே ஒரு கொட்டாவி, அதை மட்டும் இதற்கு விட்டுவிடாதீர்கள்.

கீழ்வீட்டில் இருப்பவர் எங்கள் வட்டாரத்துத் தபால்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் மனைவி அச்சகத்தில் புத்தகம் தைக்கிறார். இரண்டே மாதம் இருந்துவிட்டுப் போகிறோம் என்று வந்தார்கள், பதினோரு வருடம் ஆகிறது. வந்த அன்று அவர், "ஏதாவது எழுதிக்கலாமா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். "எழுத்து எதுக்குத் தம்பி, மனுஷனுக்கு வாய் வார்த்தைதான் பத்திரம்" என்று நான் சொன்னேன். சொன்னபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. பத்திரச் செலவு மிச்சமானது வேறு விஷயம். நல்ல மனிதர்கள்தான், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். அவர்களைக் காலி செய்யச் சொல்ல எனக்கு ஒரே ஒரு காரணம், அது மாடிப்படி. பதினெட்டுப் படி. உங்கள் தங்கை படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்து மாதத்துக்கு முன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் தபால்காரரும் பின்னால் எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் தையற்காரருமாகப் பிடித்து இறக்கினார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நாற்காலிக் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயின. நான் அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். நாற்பது வருடம் குடும்பம் நடத்திய புருஷனால் தூக்க முடிந்தது கைப்பைதான் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அன்றோடு சரி, அவள் கீழே இறங்கவில்லை, பால்கனியோடு அவள் உலகம் முடிந்துவிட்டது. கீழ்வீடு கிடைத்தால் அவள் வாசல் வரை நடப்பாள், நாலு பேரைப் பார்ப்பாள். இதுதான் காரணம். இதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பாள். வேலையை முடித்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

முதலில் நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே போனேன். "வாங்க சார், நாங்களே உங்களைப் பாக்க வரணும்னு இருந்தோம்" என்று நாற்காலி போட்டார்கள். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் அந்த அம்மா, "சார், சமையல் ரூம்ல மேல இருந்து ஈரம் இறங்குதுங்க. நேத்து சோத்துல சுண்ணாம்பு விழுந்துச்சு. இவர் ருசி மாறிடுச்சேன்னு கேட்டுட்டுச் சாப்பிட்டுட்டார்" என்றார். போய்ப் பார்த்தேன். நேர் மேலே எங்கள் குளியலறை. குற்றவாளி நான்தான். அந்த நிலைமையில் வீட்டைக் காலி செய் என்று எந்த வாய் சொல்லும்? கொத்தனார் வந்தார், ஒரு வாரத்தில் முடியும் என்று இரண்டு வாரம் பார்த்தார். ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தால் மற்ற மூன்றும் அழுது வடிகின்றன என்று வீடு முழுவதற்கும் அடிக்க வேண்டியதாயிற்று. காலி செய்யச் சொல்லப் போனவன், வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. வாய்ப் பேச்சு செல்லாது, எழுத்து இல்லாத குடித்தனம் மாதத்துக்கு மாதம் நீளும் குடித்தனம், ஒரு முழு மாதம் அவகாசம் கொடுத்து, மாதக் கடைசியில் முடியும்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பதிவுத் தபால் உத்தமம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடம்பே சிலிர்த்தது. நோட்டீஸ்! நான் யார்? குடிநீர் அலுவலகத்தில் நோட்டீஸ் பிரிவில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன். 'இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்' என்று நான் எழுதினால் குழாய் தானாக நின்றுவிடும் என்று அதிகாரியே சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கத்துக்கு ஒரு நோட்டீஸ் எழுதினேன். ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, மறுநாள் பதினொரு மணிக்குப் பால்கனியில் நின்றேன். எங்கள் தெருவுக்குத் தபால் கொடுப்பது யார் என்பது எனக்குத் தெரியாததா? பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். ஆனால் அந்த நிமிடம் வரை அது மண்டையில் ஏறவில்லை.

தபால்காரர் சைக்கிளைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தினார். தன் வீட்டு மணியை அடித்தார். "தபால்!" என்று தன் கதவைப் பார்த்துக் கூப்பிட்டார். காத்திருந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். உறையின் மேல் ஏதோ எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"யாருக்குத் தபால் தம்பி?"

"எனக்குத்தான் சார், பதிவுத் தபால்."

"அப்ப வாங்கிக்க வேண்டியதுதானே?"

"நான் வீட்டுல இல்லையே சார், பூட்டியிருக்கு."

"நீங்கதான் இங்க நிக்கிறீங்களே!"

"இப்ப நான் வேலையில இருக்கேன் சார். தபால் குடுக்கறவன் வேற, வாங்கறவர் வேற. நானே குடுத்து நானே கையெழுத்துப் போட்டேன்னு வைங்க, நாளைக்கு யாராவது கேட்டா என் வேலை போயிடும்."

தபால் நிலையத்திலேயே போய் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன். "வாங்கலாம் சார். ஆனா கவுன்ட்டர் தெறந்திருக்கிற நேரத்துல நான் தெருவுல இருப்பேன். நான் திரும்பி வர்றப்ப கவுன்ட்டரை மூடிடுவாங்க" என்றார். இப்படி மூன்று நாள் வந்தார், மூன்று நாளும் தன்னைத் தேடினார், மூன்று நாளும் தான் இல்லை. நாலாம் நாள் பதினெட்டுப் படி ஏறி வந்து, "சார், நீங்க அனுப்பினது, ஆள் இல்லைன்னு திரும்பிடுச்சு, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று என் நோட்டீஸை என்னிடமே கொடுத்தார். போட்டேன். "ஏதாவது அவசரமா சார்? வாயால சொல்லிடுங்களேன்" என்றார் பாவம். வாயால் சொன்னால் செல்லாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள் அல்லவா? "ஒண்ணும் இல்ல தம்பி, சும்மாதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இரண்டு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிய ஒன்றுமில்லாத விஷயத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

அந்தக் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன், உங்களிடம் மறைக்கக்கூடாது. தண்ணீரை நிறுத்தாதே, மின்சாரத்தை வெட்டாதே, பூட்டை மாற்றாதே, செய்தால் வீட்டுக்காரன்தான் கூண்டில் நிற்பான் என்று எச்சரித்திருந்தீர்கள். நான் நிறுத்தவில்லை. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் வால்வைக் கொஞ்சம் இறுக்கினேன். முப்பத்தொரு வருடம் குடிநீர் அலுவலகத்தில் இருந்தவனுக்கு எது யாருடைய வால்வு என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் இருந்தது நோட்டீஸ் பிரிவு, குழாய்ப் பிரிவு மாடியில். மூடியது எங்கள் வால்வு. உங்கள் தங்கை தலையில் சோப்பு நுரையோடு கத்துகிறாள், நான் நிற்கிறேன், கீழே இருந்து தபால்காரர் கைக்கொரு வாளியாகத் தூக்கிக்கொண்டு நாலு தடவை ஏறி வருகிறார். கடைசி நடையில், "யாரோ தெரியாம வால்வை மூடிட்டாங்க சார், தெறந்துட்டேன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். பார்த்திருந்தால் கூடத் தேவலை.

சரி, பதிவுத் தபால் போகாவிட்டால் இரண்டு சாட்சி வைத்துக் கதவில் ஒட்டலாம் என்று எழுதியிருந்தீர்களே, அதையும் பார்த்துவிடலாம் என்று தையற்காரர் கடைக்குப் போனேன். அங்கே மருந்துக்கடைக்காரரும் இருந்தார். தையற்கடை இருக்கும் கட்டடம் அவருடையது. இரண்டு சாட்சியும் ஒரே இடத்தில் அகப்பட்டார்களே என்று எனக்கு வாயெல்லாம் பல். நோட்டீஸை விரித்துப் படித்துக் காட்டினேன். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்படீன்னா எழுத்து எதுவும் இல்லைன்னா ஒரு மாச நோட்டீஸே போதுமா?"

"போதும். எங்க மச்சான் வக்கீல், அவரே எழுதியிருக்கார்."

"எந்தக் காரணமும் சொல்ல வேண்டாமா?"

"அழகாக் கேட்டீங்க! ஒரு வரி போதும்."

இப்படி நான் உங்கள் புலமையை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவைத் திறந்த தையற்காரர் அதை மூடிவிட்டார். பன்னிரண்டு வருடமாக அவரும் வாய் வார்த்தையில்தான் அந்தக் கடையில் இருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? "அண்ணே, நீங்க எதுக்கு இவ்வளவு விவரமாக் கேக்கறீங்க?" என்று அவர் மருந்துக்கடைக்காரரைக் கேட்டார். "சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றார் இவர். "பன்னெண்டு வருஷமாத் தெரிஞ்சுக்காதது இப்ப எதுக்கு?" என்று அவர் கேட்க, பேச்சு தடித்து, கத்தரிக்கோல் மேசையில் 'டங்' என்று விழ, நான் என் நோட்டீஸைச் சுருட்டிக்கொண்டு நழுவினேன். இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. தைக்கக் கொடுத்த என் சட்டைக்கு இன்னும் கை வைக்கவில்லை. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது என்பார்களே, என் கதையில் கிணறே வெட்டவில்லை, பூதம் மட்டும் கிளம்பிவிட்டது.

போன மாதத்துக்கு முந்தின மாதக் கடைசியில் கடவுள் கண் திறந்தார். தபால்காரருக்குக் காய்ச்சல் கண்டு மூன்று நாள் விடுப்பு. அவருக்குப் பதில் ஒருவர் வந்தார். நான் ஓடிப்போய் நோட்டீஸை மறுபடி பதிவுத் தபாலில் சேர்த்தேன். மறுநாள் பதிலாள் வந்து மணி அடித்தார், நம்மவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கினார். ஒப்புகை அட்டை என் கைக்கு வந்தது. முப்பத்தொரு வருட வேலையில் ஒரு அட்டையை நான் இப்படி மார்போடு அணைத்துக்கொண்டதில்லை. அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைதான். சாயங்காலம் அவர் காய்ச்சலோடு படி ஏறி வந்து நின்றார். "படிச்சேன் சார். ஒரு மாசத்துல வேற இடம் கெடைக்குமான்னு தெரியல, பாக்கறேன். ஆனா ஒண்ணு சார், ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. எத்தனையோ பேருக்கு நோட்டீஸ் கொண்டு போய்க் குடுத்திருக்கேன், உள்ள என்ன இருக்கும்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றார். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

உள்ளறையில் இருந்து உங்கள் தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும், "ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?" என்றாள். உனக்காகத்தானே என்றேன். "எனக்காகன்னா என்னைக் கேக்க வேண்டாமா?" என்றாள். அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாடு மேசைக்கு வருகிறது, தட்டு வைக்கும் சத்தத்தில் அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்கிறேன்.

மாதம் முடிந்தது. வேறு வீடு கிடைக்கவில்லை, அவர்கள் காலி செய்யவில்லை. நோட்டீஸ் முடிந்த பிறகு வாடகையை வாங்காதே, வாங்கினால் குடித்தனம் மறுபடி உயிர் பெற்றுவிடும் என்று நீங்கள் மூன்று கோடு போட்டிருந்தீர்கள். ஒன்றாம் தேதி காலையில் அவர் உறையோடு வந்தார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒப்பிக்க வராத பையன் மாதிரி நின்று, "முடியாது தம்பி" என்றேன். திரும்பிப் போனார். வென்றேன் என்று மத்தியானம் கண் அசந்தேன். உங்கள் தங்கை காய் வாங்குவதற்குப் பால்கனியில் ஒரு கூடையும் கயிறும் வைத்திருக்கிறாள். நான் குறட்டை விட்ட நேரத்தில் கூடை கீழே போயிருக்கிறது, உறையோடு மேலே வந்திருக்கிறது. அதோடு விட்டாளா? ரசீது எழுதிக் கூடையில் வைத்து இறக்கியிருக்கிறாள். 'இந்த மாத வாடகை பெற்றுக்கொண்டேன். நீங்கள் இங்கேயே இருக்கலாம்.' தேதி, கையெழுத்து எல்லாம் சுத்தம். பதினோரு வருடத்தில் இந்தக் குடித்தனத்துக்கு எழுதப்பட்ட முதல் எழுத்து அதுதான்.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். அந்த ரசீது செல்லாது என்பது என் வாதம். வீட்டுக்காரன் நான். வீட்டுக்காரன் அல்லாத ஒருவர், அவர் மனைவியே ஆனாலும், வாடகை வாங்கினால் அது எப்படி வாடகை ஆகும்? தெருவில் போகிறவர் எழுதிக் கொடுத்த ரசீதுக்கும் இதற்கும் சட்டத்தின் கண்ணில் என்ன வித்தியாசம்? அவள் உங்கள் தங்கை என்பதை மறந்துவிட்டு, வக்கீலாக மட்டும் இருந்து, என் பக்கத்து நியாயத்தைப் பதிவுத் தபாலில் எழுதி அனுப்பவும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வழக்குப் போடுவதா, அல்லது இன்னொரு நோட்டீஸா என்று முடிவு செய்கிறேன். இரண்டிலும் எனக்குச் சம்மதமே. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு, பிள்ளைகள் நூறு வயது வாழ என் ஆசி, பல்வலியோடு கோர்ட்டுக்குப் போவதாக எழுதியிருந்தீர்களே, அதற்கு என் அனுதாபம்.

இங்ஙனம்,
வீட்டு உரிமையாளரும் உங்கள் தங்கையின் கணவனுமாகிய நான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். நாற்காலி, கைப்பை வரும் இடத்தை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் 'வீட்டுக்காரன் நான்' என்ற இடத்துக்கு வந்ததும் பீரோவைத் திறந்து ஒரு பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வீடு அவள் பேரில் இருக்கிறது, மச்சான். உங்கள் அப்பா முப்பத்தாறு வருடத்துக்கு முன் அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்று சாவியை என் கையில் கொடுத்ததால் வீடும் என்னுடையது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் செல்லாதது என் நோட்டீஸ், செல்லுவது அவள் ரசீது. ஆகவே மேலே கேட்ட சந்தேகத்தை அடித்துவிடவும்.

அவள் தபால்காரரையும் அவர் மனைவியையும் மேலே கூப்பிட்டு, "நீங்க மாடிக்கு வந்துடுங்க, நாங்க கீழ வந்துடறோம்" என்றாள். "ஒரு நாளைக்கு நூத்தம்பது படி ஏறி இறங்குறவன்மா நான், இது ஒரு படியா?" என்று அவர் சிரித்தார். மூன்று மாதமாக என்னைப் பாடாய்ப் படுத்திய விஷயம் ஒரு டம்ளர் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வருகிற ஞாயிறு சாமான் மாற்றுகிறோம். அவள் வாசலில் போட்டு உட்கார இப்போதே ஒரு நாற்காலியைத் துடைத்துவைத்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

ஆனால் அவர்கள் போன பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "கீழ்வீட்டுக்காரங்ககிட்ட ரசீதாவது இருக்கு. எந்த எழுத்தும் இல்லாம முப்பத்தாறு வருஷமா என் வீட்டுல இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு எத்தனை நாள் நோட்டீஸ்னு அண்ணனைக் கேட்டு எழுதுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இதே உறையில் உங்களுக்குத் தனியாக ஒரு தாள் எழுதி, நான் படிக்காதபடி நாலாக மடித்து ஒட்டி வைத்திருக்கிறாள். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன் மச்சான்: நீங்கள் இப்போது யாருடைய வக்கீல்?